செகப்புக் குச்சி, நீலக் குச்சி

அண்ணே. ஏ அண்ணே.

வீட்டுல கூப்பிடற பேரு சொன்னாத்தான் நீ திரும்பிப் பாப்ப. அந்தப் பேர நான் இங்க எழுதல. வாய்க்குள்ள கூப்பிட்டுக்கிட்டே எழுதறேன். உனக்குக் கோவம் வர்ற மாதிரி சிலது சொல்லப் போறேன். கோவப்படு. வந்து திட்டிட்டாவது போ.

படிக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். நான் பள்ளிக்கூடத்துல ஃபாம் த்ரீயோட நின்னுட்டேன். பாசிர் பெனம்பாங்ல ஒரு சீனர் கடையில மீன் கழுவுற வேல. எழுதிப் பழக்கமில்ல. தப்பிருந்தா பொறுத்துக்குங்க.

எங்க தோட்டம் கோலசிலாங்கூர்லருந்து உள்ள போகணும். தோட்டத்து ஆளுங்க இருக்கற லயத்துல இப்ப பாதி வீடு காலி. ஒரு வீட்டுல நானும் அண்ணனும் இருந்தோம். அப்பா வேற குடும்பம்னு போயிட்டாரு. அம்மா எனக்குப் பதினோரு வயசுல செத்துட்டாங்க. தோட்டத்து சுடுகாட்டுலதான் பொதச்சோம். சுடுகாடுன்னு பேருதான், எரிக்கறது கெடையாது, பொதைக்கறதுதான்.

அந்த எடத்தப் பத்திச் சொல்லணும். சுத்தியும் செம்பனை, எண்ணெய் எடுக்கற பனை. உச்சி வெயில்ல போனாலும் உள்ள இருட்டா இருக்கும். குருவி கத்தாது. கொசு சத்தம் மட்டும் காதுகிட்ட வந்து வந்து போகும். கல்லு, சிமெண்டு ஒண்ணும் கட்ட மாட்டாங்க. கொஞ்ச நாள்ல மண்ணு அமுங்கிடும். அதனால செத்தவங்க வீட்டு வாசல்லருந்து ஒரு செடிய ஒடிச்சிக்கிட்டு வந்து தலமாட்டுல நட்டுடுவாங்க. ஒரு வீட்டுக்கு அரளி, ஒரு வீட்டுக்கு வெள்ளச் செம்பருத்தி. எங்க அம்மாவுக்கு மஞ்சப் புள்ளி போட்ட குரோட்டன்ஸ். அண்ணன்தான் நட்டுச்சி. தீபாவளிக்கு முன்னால போனா செடியப் பாத்துதான் யாரு எங்கன்னு கண்டுபிடிப்போம். யாரும் எதையும் எழுதி வெச்சதில்ல.

தோட்டத்த வாங்குன கம்பெனி ஒரு நோட்டீஸ் ஒட்டுனாங்க. சுடுகாட்ட வேற எடத்துக்கு மாத்தப் போறாங்களாம். யாரு குழி எதுன்னு குடும்பத்துக்காரங்க வந்து காட்டணும். காட்டுனா தனித்தனியா எடுத்து பேரு போட்டுப் பொதைப்பாங்க. காட்டலன்னா மீதி எல்லாத்தையும் ஒரே குழியில.

அத மொதல்ல எதுத்துக் கேட்டது எங்கண்ணன். செம்பனைப் பழ லோரி ஓட்டிட்டு வந்து, குளிக்காமக்கூட வீடு வீடா போகும். "நம்ம ஆளுங்கள கெளப்ப விடக்கூடாதுலா. அவங்க எங்க போவாங்க?"ன்னு கேக்கும். கோயில்ல கூட்டம் போட்டப்ப அறுபது பேருக்கு மேல வந்தாங்க. அண்ணன் பேசும்போது கை நடுங்குச்சி. நான் அன்னிக்கிப் பெருமப்பட்ட மாதிரி எப்பவும் பட்டதில்ல.

அடுத்த வாரம் பேப்பர்ல அண்ணன் படம் வந்திச்சி. அத லேமினேட் பண்ணி சாமி படத்துக்குக் கீழ மாட்டுச்சி. அங்கருந்துதான் மாறுனிச்சின்னு இப்ப தோணுது. அப்ப தோணல.

தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதுன பழைய கிராணியோட மகன் ஒருத்தர் இருக்காரு. கட்சிக் கிளைத் தலைவரு. நாங்க மாமான்னு கூப்பிடுவோம். ரெண்டாவது கூட்டத்துக்கு அவரு பேனர் அடிச்சிட்டு வந்தாரு. அவரு மூஞ்சி இவ்வளவு பெரிசு, ஓரத்துல அண்ணன் மூஞ்சி ஸ்டாம்ப் மாதிரி.

"செத்தவங்களுக்கு எடம் கேக்கற பேனர்ல உங்க மூஞ்சி எதுக்கு மாமா?"

"உன் மூஞ்சி பேப்பர்ல வந்திச்சே, அது எதுக்குடா?"

பின்னால ஒக்காந்திருந்த அத்தை ஒருத்தங்க எழுந்து, "ரெண்டு பேரும் மால போட்டுக்கிட்டு படுத்துக்குங்க. பொணம்னு நெனச்சி நாங்க அழுதுட்டுப் போறோம்"னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அண்ணன் சிரிக்கல. மாமாவும் சிரிக்கல.

அன்னிக்கே ரெண்டு கமிட்டி ஆயிடுச்சி.

தொகுதியில ஜெயிச்ச ஒய்பி வர்றாரு, பேப்பர்காரங்களும் வர்றாங்கன்னு சேதி வந்திச்சி. எல்லாரும் சேந்து துப்புரவு பண்ண அண்ணன் கோத்தோங் ரோயோங் போட்டுச்சி. புல்லு மண்டிக் கெடந்தா நாம கவனிக்கலன்னு சொல்லிடுவாங்கன்னு அதுக்குப் பயம். தோட்டத்து ஆளுங்களுக்கு புல்லுன்னா ஒரே வேலதான் தெரியும், மருந்து அடிக்கறது. முதுகுல பம்பு மாட்டி அண்ணன் அடிச்சிச்சி. வாளியில தண்ணி தூக்கி பம்புல ஊத்துனது நான். "செடி மேல படுதுண்ணே"ன்னு ஒரு வாட்டி சொன்னேன். "ஒண்ணும் ஆகாது, லேசாதான் அடிக்கறேன்"னு சொல்லுச்சி. நானும் அடுத்த வாளி எடுக்கப் போயிட்டேன்.

ஒரு வாரத்துல எல்லாம் கருகிடுச்சி. புல்லு, அரளி, செம்பருத்தி, அம்மாவோட குரோட்டன்ஸ், எல்லாம். சுத்தியும் பச்ச, நடுவுல மட்டும் தீ வெச்ச மாதிரி செகப்பு மண்ணு. எறும்புகூட இல்ல. நாங்க அங்க நின்னப்ப யாரோ மூச்ச அடக்கிக்கிட்டு இருக்கற மாதிரி இருந்திச்சி.

"பரவால்ல. நம்பர் போட்டுடலாம்"னு சொல்லுச்சி அண்ணன்.

குச்சி சீவி செகப்பு பெயிண்ட் அடிச்சி நம்பர் போட்டோம். செத்த செடியோட அடித்தண்டு இருந்ததால அப்ப ஓரளவு தெரிஞ்சிச்சி. அம்மாவுக்கு பதினேழு. எந்த நம்பரு யாருன்னு நான் நோட்டுல எழுதிக்கிட்டேன். ஆனா அண்ணன் மாமா பக்கத்து ஆளுங்க குழிக்கு மட்டும் குச்சி வெக்கல. "அவங்க தலைவரு வந்து வெக்கட்டும்"னு சொல்லுச்சி. மாமா வந்து நீலக் குச்சி வெச்சாரு. அவரும் எங்க ஆளுங்கள விட்டுட்டாரு.

ஒரு நாள் காலையில போனோம். செகப்புக் குச்சி ஒண்ணுகூட மண்ணுல இல்ல. எல்லாத்தையும் புடுங்கி, நம்பர் வரிசைக்கு, வெறகு மாதிரி அழகா ஒரு மரத்தடியில அடுக்கி வெச்சிருந்தாங்க. உடைக்கல, வீசல. அத்தன பொறுமையா அடுக்கி வெச்சிருந்ததுதான் எனக்குப் பயமா இருந்திச்சி. அண்ணன் நேரா போயி நீலக் குச்சி எல்லாத்தையும் புடுங்கி அதே மாதிரி பக்கத்துல அடுக்குச்சி. நானும் நாலு புடுங்குனேன்.

ஒய்பி வர்றதுக்கு முத நாள். செகப்புக் குச்சிய திரும்ப நடணும். காஞ்ச தண்டெல்லாம் உதிந்து, பெஞ்ச மழையில குச்சிக் குழியும் மூடிடுச்சி, எது எங்க இருந்திச்சின்னு தெரியல. நட்டுத்தான் ஆகணும், படம் எடுக்க வர்றாங்க. அண்ணன் லோரியிலருந்து கயிறு எடுத்துக்கிட்டு வந்திச்சி. செம்பனைக் கன்னு நடறதுக்கு கயிறு புடிச்சிப் பாப்பாங்கல்ல, அதே மாதிரி. ஒரு முனை அண்ணன் கையில, ஒரு முனை என் கையில. நேரா, சமமா, வரிசையா நட்டோம். எங்க ஆளுங்க யாரும் அப்படி வரிசையா சாகல, வரிசையா பொதைக்கவும் இல்ல. ஆனா பேப்பர்ல பாக்க ரொம்ப அழகா இருந்திச்சி. நடுவுல எங்கண்ணன் கை கட்டி நின்னுச்சி.

முன்ன கூட்டத்துல கிண்டல் பண்ண அத்தை சுடுகாட்டுக்கு வந்தாங்க. அவங்க வீட்டுக்காரர் ஒம்பதாம் நம்பர். ஒம்பதாம் குச்சி இருந்த எடத்துல சூடம் ஏத்தி, பால் ஊத்திட்டுப் போனாங்க. மறுநாள் எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க.

"எங்க வீட்டுக்காரரு கனவுல வந்தாரும்மா. யாருக்குடி ஊத்துனன்னு கேட்டாரு."

அண்ணன் உள்ளதான் இருந்திச்சி. வெளிய வரல.

ரெண்டு கமிட்டியும் மாவட்ட ஆபீஸ்ல ரெண்டு லிஸ்ட் குடுத்தாங்க. ஒரே குழிக்கு ரெண்டு பேரு. சில பேரு எதுலயும் இல்ல. அங்க இருந்தவரு ரெண்டையும் பாத்துட்டு, உங்களுக்குள்ள பேசி ஒரே லிஸ்டா கொண்டாங்க, ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போடுங்கன்னு சொல்லிட்டாரு. யாரு மொதல்ல கையெழுத்து போடறதுங்கறதுலயே ரெண்டு மாசம் போச்சி. சுடுகாட்ட மாத்தக்கூடாதுன்னுதான் ஆரம்பிச்சோம். அத யாரும் பேசறதே இல்லன்னு கடைசியிலதான் எனக்கு ஒறச்சிச்சி.

"அண்ணே, அம்மா எங்கண்ணே?"ன்னு ஒரு நாள் கேட்டேன். சோறு பெசஞ்ச கைய அப்படியே வெச்சிக்கிட்டு இருந்திச்சி. அப்பறம் கழுவிட்டு எழுந்து போயிடுச்சி.

மறுநாள் காலையில, பழைய குழி வெட்டுன தாத்தா சுங்கை ஆயர் தாவார்ல மக வீட்டுல இருக்காரு, அவர பாத்துட்டு வர்றேன்னு மோட்டார்ல கெளம்புச்சி. வரும்போது சபாக் தாண்டி ஒரு லோரி மோதிடுச்சி. நான் மீன் கழுவிக்கிட்டு இருந்தேன். கை முழுக்க செதிலு. போன எடுக்க முடியல. மூணு வாட்டி அடிச்சி நின்னுச்சி.

அண்ணனப் பழைய எடத்துல பொதைக்கக் கூடாதுன்னுட்டாங்க. கம்பெனி குடுத்த புது எடத்துல கொண்டு போனோம். யாரும் அங்க போகக்கூடாதுன்னு கத்துனது அண்ணன்தான். அங்க மொத ஆளா போனதும் அண்ணன்தான்.

மூணாம் நாள் தோட்டத்து முனையில புது பேனர். அண்ணன் மூஞ்சி பெரிசா, மால போட்டு. பக்கத்துல மாமா மூஞ்சி. சாயங்காலம் வேல முடிஞ்சி வரும்போது செம்பனை நடுவுல அண்ணன் நிக்கற மாதிரியே இருக்கும். மழை பெஞ்சா கண்ணுல தண்ணி வழியும். மோட்டார நிறுத்தவும் பயம், நிறுத்தாமப் போகவும் முடியல. மாமா வீட்டுக்கு வந்து அழுதாரு. அழுதுட்டு, "அந்தச் செகப்புக் குச்சி நோட்டு இருக்காம்மா?"ன்னு கேட்டாரு. குடுத்துட்டேன். அதுல இருக்கற நம்பருக்கு இப்ப என்ன அர்த்தம்?

சுங்கை ஆயர் தாவாருக்குப் போனேன். தாத்தாவுக்கு ஒரு கண்ணுதான் தெரியுது.

"நீ அவன் தங்கச்சியா? வந்தான். எங்கம்மா எங்கன்னு கேட்டான். செடியக் காட்டு, சொல்றேன்னேன். செடி இல்லன்னான். செடி இல்லன்னா எனக்கும் தெரியாதுன்னேன்."

"அப்பறம் தாத்தா?"

"தோண்டற அன்னிக்கி வாங்க, ஏதாச்சும் ஒரு எடத்த இதுதான்னு காட்டுங்கன்னான். நான் சரின்னேன்."

"ஏன் சரின்னீங்க?"

"அழுதான்லா."

"யாருக்காக காட்டச் சொன்னிச்சி? எல்லாரும் பாக்கணும்னா, இல்ல எனக்காகவா?"

"ரெண்டும் சொன்னான்மா."

அந்த ரெண்டுல எது பெரிசுன்னு நான் இன்னும் யோசிச்சிக்கிட்டுதான் இருக்கேன்.

லிஸ்ட் ஒண்ணாகல, நேர்ல வந்து காட்டுங்கன்னு கம்பெனி குறிச்ச தோண்டற நாள் வந்திச்சி. ஐயரு, மண்ணு தோண்டற மஞ்ச மிஷினு, எலும்பு கட்ட வெள்ளத் துணி. அன்னிக்கும் உச்சி வெயிலு, உள்ள அதே இருட்டு. மொதல்ல மாமா போயி ஒரு மேட்டக் காட்டி, "இதுதான் எங்கம்மா. கண்ண மூடிக்கிட்டு வந்தாலும் எனக்குத் தெரியும்"னாரு. எல்லாரும் போனத் தூக்கிப் படம் புடிச்சாங்க. மம்முட்டியால மெதுவா எடுத்தாங்க. வந்ததெல்லாம் சின்னச் சின்ன எலும்பு. அப்பறம் ஒரு கருப்பு வளையலு, ரெண்டு வெரலு நொழையற அளவு. ஏதோ ஒரு சின்னப் புள்ள. தோண்டுனவரு நிமிந்து மாமாவப் பாத்தாரு. போனெல்லாம் ஒண்ணொண்ணா கீழ எறங்குச்சி. மாமா வேணான்னு சொல்லாததால துணியக் கட்டி, மேல அவங்கம்மா பேர எழுதிட்டாங்க.

அடுத்தது நான். மாமா என் காதுகிட்ட வந்து, "ஏதாச்சும் ஒண்ணக் காட்டும்மா. நான் கையெழுத்துப் போட்டுடறேன். அம்மாவுக்குப் பேராவது இருக்கும்ல"னாரு.

எனக்கு ஆச இருந்திச்சி. பொய் சொல்ல மாட்டேன். அம்மா பேரு போட்டு ஒரு எடம். தீபாவளிக்குப் போயி ஒக்கார ஒரு எடம். எதுத்தாப்புல ஒரு மேடு இருந்திச்சி. கைகூடத் தூக்கிட்டேன். ஆனா அந்த வளையலு கண்ணுல நின்னுச்சி. யாரோ ஒரு அம்மா அந்தப் புள்ளையத் தேடிக்கிட்டு வந்தா, அந்தப் பேரப் படிச்சிட்டு திரும்பிப் போயிடுவா.

"தெரியல"ன்னேன். சத்தம் வரல. திரும்பச் சொன்னேன். "எனக்குத் தெரியல. மருந்து அடிச்சது எங்கண்ணன். தண்ணி ஊத்துனது நான். கயிறு புடிச்சதும் நான்."

யாரும் திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். அத்தை மட்டும், "எனக்கும் தெரியல, எழுதிக்க"ன்னு ஆபீஸ்காரர்கிட்ட சொல்லிட்டு, முந்தானைய ஒதறிக்கிட்டுப் போயிட்டாங்க. என்னப் பாக்கல.

அம்மாவ பேரு தெரியாதவங்களோட ஒரே குழியில வெச்சிட்டாங்க. எத்தனாவது துணி அவங்கன்னு தெரியாது. அந்தக் குழி அண்ணன் குழியிலருந்து பத்து எட்டு. அண்ணனுக்குப் பேரு இருக்கு. இப்ப அங்க போனா யாருக்கு சூடம் ஏத்தறதுன்னு தெரியாம மொத்தமா ஏத்தறேன். ஏத்தும்போது அந்தப் பக்கத்துல நெறைய பேரு கிட்ட வந்து நிக்கற மாதிரி இருக்கு. பயமா இருந்தாலும் எழுந்து போறதில்ல.

எங்கண்ணன் கெட்டது இல்லங்க. மொத நாள் கூட்டத்துல கை நடுங்குனதும் அதுதான், கயிறு புடிச்சதும் அதுதான். அது குச்சி வெக்காம விட்டவங்க வீட்டு ஆளுங்ககிட்ட நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுக் கேக்கறது. இருந்தாலும் கேக்கறேன். நீங்க எந்தச் சாமியக் கும்பிட்டாலும் சரி, எந்தப் பள்ளிவாசலுக்குப் போனாலும் சரி, எங்கண்ணனுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்குங்க. அங்க அம்மா அதத் திட்டாம பக்கத்துல சேத்துக்கணும்னு வேண்டிக்குங்க. முடிஞ்சா, பேரு மாறிப் போன அந்தச் சின்னப் புள்ளைக்கும் சேத்து.