இரண்டு பதினேழுக்கு வந்த அழைப்பு

இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டுவீர்கள். திட்டுங்கள். ஆனால் கட்டிவிட்ட கதை என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் பொய் சொன்ன இடம் ஒன்று இதில் இருக்கிறது. அது எது என்று நானே சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

என் பெயர் இந்துமதி. அவிநாசிபாளையம் தாண்டி, தாராபுரம் ரோட்டில் இருக்கும் ஒரு பனியன் கம்பெனியில் ஒன்பது வருடம் பேக்கிங் சூப்பர்வைசராக இருந்தேன். மூன்றாவது மாடி. எங்கள் மாடியில் பபுலு என்று ஒருவன் வேலை பார்த்தான். ஒடிசாக்காரன், வயது இருபத்தாறு. ஊரில் மனைவியும் கைக்குழந்தையும். அட்டைப்பெட்டிகளை ஒட்டி, சரக்கு லிஃப்டில் ஏற்றிக் கீழே கொண்டுபோவது அவன் வேலை.

ஜன்னல் கம்பியில் ஒரு பழைய ரேடியோ தொங்கும். விளம்பரம், சிரிப்பு, நேற்றுப் போட்ட அதே பத்துப் பாட்டு. ஒரு நாள் பபுலு சும்மா குமிழைத் திருகிக்கொண்டே போனவன், ஓர் ஓரத்தில் கையை எடுத்தான். உடுக்கைப் பாட்டு ஓடியது. அது முடிந்ததும் ஏதோ மலைநாட்டுப் பெண்கள் கூட்டமாகப் பாடினார்கள். அடுத்தது அரபு நாட்டுத் தந்தி வாத்தியம். நடுவில் ஒரு விளம்பரம்கூட இல்லை. பிறகு ஒரு பெண் குரல்.

"இது எந்த ஊருப் பாட்டுன்னு எனக்கும் தெரியலீங்க. நல்லா இருந்துச்சு, போட்டுட்டேன். இது நூல்கண்டு சமுதாய வானொலி. பேசறது மெஹ்ஜபின்."

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் எட்டாத வானொலி. காங்கயம் ரோட்டில் ஒரு மாவு மில்லின் மாடியில் நாலைந்து பேர் சேர்ந்து நடத்துகிறார்கள் என்று பிறகு தெரிந்தது. அன்றிலிருந்து எங்கள் மாடியில் வேறு ஸ்டேஷன் ஓடியதில்லை. அடுத்து என்ன பாட்டு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்காகவே எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு வேலை செய்தோம்.

ஒரு மத்தியானம் ஒடியாப் பாட்டு வந்தது. பபுலு கையில் டேப்போடு அப்படியே நின்றுவிட்டான். கண் கலங்கியிருந்தது.

"என்னடா?"

"எங்க ஊர் பாட்டு, இந்துக்கா. படகுக்காரன் பாடற பாட்டு. திருப்பூர்ல எங்க ஊர் பாட்டு போடுது!"

அடுத்த வாரமே எங்கள் மாடிச் சுவரில் இருக்கும் போனில் வானொலியைக் கூப்பிட்டு அதே பாட்டைக் கேட்டான். போட்டார்கள். அவன் பெயரையும் சொன்னார்கள். அன்று முழுக்க அவன் சிரித்துக்கொண்டே இருந்தான்.

லிஃப்டின் கேட் ஒரு வாரமாகச் சரியாக மூடவில்லை. நானே இரண்டு தடவை சொன்னேன். "ஷிப்மென்ட் போகட்டும், பாக்கலாம்" என்றார் மேனேஜர் தரணீதரன்.

தை மாதம், ஒரு வியாழக்கிழமை. மத்தியானம் 1.50. பபுலு பெட்டிகளோடு லிஃப்டுக்குள் போனதை நான் பார்த்தேன். பத்து விநாடி இருக்கும். இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நசுங்கி நின்றது. ஐந்தே நிமிடத்தில் எங்கள் எல்லோரையும் கீழே இறக்கி, வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் தரணீதரன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்த நிமிசமே உசுரு போயிருச்சு, இந்து. யாராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. போலீஸ் கேட்டா, ஒண்ணரைக்கே சாப்பிட வெளிய போயிட்டான், திரும்பி வந்ததை யாரும் பாக்கலீன்னு சொல்லீரு."

"நான் பாத்தேனுங்களே சார்..."

"உன்ற புள்ளை பன்னெண்டாவது படிக்கறாளல்ல? யோசிச்சுக்கோ."

யோசித்தேன். அப்படியே சொன்னேன். இதுதான் அந்தப் பொய்.

வேலை நேரத்தில் இல்லாத ஆள், யாருக்கும் தெரியாமல் லிஃப்டில் ஏறி இறந்தான் என்று எழுதிக்கொண்டார்கள். குடும்பத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவன் அண்ணன் ஊரிலிருந்து வந்திருந்தார். வாக்குமூலத்தில் இருந்த என் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வலி தெரியாமல்தானே போனான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஒரு நினைப்பில்தான் இரண்டு மாதம் தூங்கினேன்.

லிஃப்டின் கரண்டைத் துண்டித்துவிட்டு, கேட்டில் பூட்டுப் போட்டார்கள். ரேடியோவை அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை.

பங்குனி மாதம், ஞாயிற்றுக்கிழமை. அவசர ஷிப்மென்ட். என்னோடு வந்த இரண்டு பெண்கள் 1.55க்குச் சாப்பிடப் போனார்கள். மாடியில் நான் மட்டும். வெளியே நல்ல வெயில். மெஷின் சத்தம் இல்லாத கம்பெனி எப்படி இருக்கும் என்று அங்கே வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த அமைதி தாங்காமல், 2.05க்கு ரேடியோவைப் போட்டேன்.

அதே ஸ்டேஷன். நாதஸ்வரத்தோடு யாரோ கிடார் வாசித்தார்கள். கொஞ்சம் தைரியம் வந்தது. டேக் எண்களைச் சரிபார்க்க ஆரம்பித்தேன்.

2.17. நேயர் அழைப்பு நேரம்.

"நூல்கண்டுங்க. சொல்லுங்க, யாரு பேசறீங்க?" என்றாள் மெஹ்ஜபின்.

பதில் இல்லை. ஆனால் லைனில் ஏதோ கேட்டது. டிக்... டிக்... டிக்...

என் தலைக்கு மேலே ஓடும் ஃபேன் பழையது. ஒரு சுற்றுக்கு ஒரு முறை டிக் என்று தட்டும்.

நிமிர்ந்து பார்த்தேன். டிக். ரேடியோவிலும் டிக்.

எழுந்து போய் ஃபேனை நிறுத்தினேன். மெதுவாக நின்றது.

ரேடியோவிலும் நின்றது.

கையிலிருந்த கத்தரிக்கோல் நழுவியது. தரையில் ணங்.

ரேடியோவில்... ணங்.

கூப்பிட்ட ஆள் இந்த மாடியில் இருக்கிறான்.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா? யாருக்குப் பாட்டு வேணுங்க?"

மூச்சு வாங்கும் சத்தம்.

பிறகு...

"இந்துக்காவுக்கு."

பபுலு.

"இந்துக்கா... நான் எத்தனை மணிக்கு வெளியே போச்சு?"

சுவரைப் பார்த்தேன். போனின் ரிசீவர் அதன் இடத்தில் இல்லை. ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆடிக்கொண்டிருந்தது.

"சொல்லு, அக்கா. எத்தனை மணிக்கு?"

படகுக்காரன் பாட்டு ஆரம்பித்தது.

ஓடினேன்.

படியில் இரண்டு தடவை விழுந்தேன். கம்பெனி வாசல் கேட்டில் செக்யூரிட்டி மாரப்பன் எழுந்து நின்றார்.

"ஏனுங்க அம்மணி, இப்பிடி ஓடியாறீங்க?"

"மேல யாருங்கண்ணா இருக்கறது?"

"நீங்க மட்டுந்தானுங்களே. சாப்பிடப் போனவங்க இன்னும் வரலீங்க."

அப்போது மணி 2.26. அதன் பிறகு நான் அந்த மாடிக்குப் போகவில்லை.

புதன்கிழமை அந்த மாவு மில்லைத் தேடிப் போனேன். மாடியில் ஒரே ஓர் அறை. சத்தம் எதிரொலிக்காமல் இருக்க, சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தார்கள். மெஹ்ஜபினுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். என் பெயரைச் சொன்னதும் அவள் முகம் மாறியது.

"நீங்க வருவீங்கன்னு தெரியுங்க்கா. அன்னைக்கு நீங்க பேசினதுலயிருந்து எனக்குத் தூக்கமே இல்லீங்க."

"நான் பேசலைங்க."

ஒலிபரப்பு எல்லாவற்றையும் மூன்று மாதம் பதிந்து வைத்திருப்பார்களாம். ஞாயிற்றுக்கிழமைப் பதிவை எடுத்துப் போட்டாள்.

"நூல்கண்டுங்க. சொல்லுங்க, யாரு பேசறீங்க?"

"இந்துமதி."

என் குரல். எனக்கே சந்தேகம் இல்லை. என் குரல்தான்.

"யாருக்குப் பாட்டு வேணுங்க?"

"பபுலுக்கு. அவன் வெளிய போகலீங்க. லிஃப்டுக்குள்ளதான் இருந்தான். நான் பொய் சொல்லீட்டேன்."

நடுவில் ஒரு நீண்ட மூச்சு. பிறகு அதே குரல், அழாமல், தகவல் சொல்வது மாதிரி:

"நாப்பது நிமிசம் தட்டுனான். யாரும் தொறக்கலீங்க."

அதோடு பாட்டு.

மெஹ்ஜபின் நிறுத்தினாள். "கூப்பிட்டது உங்க கம்பெனி நம்பருங்க. பாதியில வெட்ட எனக்கு மனசு வரலீங்க."

நாற்பது நிமிடமா? எனக்கு அது தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அந்த நிமிடமே போய்விட்டான் என்றுதான் எனக்குச் சொன்னார்கள்.

பதிவை வாங்கிக்கொண்டு நேராகப் போலீஸுக்குப் போனேன். பொய் சொன்னேன், மாற்றி எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். வழக்கு முடிந்துவிட்டது, ரேடியோவில் பேசியதெல்லாம் சாட்சி ஆகாது என்றார்கள். மறுநாளே எனக்கு வேலை இல்லை. பபுலுவின் அண்ணனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "இப்போ சொல்றீங்க" என்றார். வைத்துவிட்டார். லிஃப்டைச் சரிசெய்து, பச்சை பெயின்ட் அடித்து, இப்போது ஓட்டுகிறார்களாம். தரணீதரன் இன்னும் மேனேஜர்தான்.

கடைசியாக ராசப்பனைத் தேடிப் போனேன். கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். விபத்து நடந்த வாரமே வேலையை விட்டுவிட்டு வெள்ளகோவில் போய்விட்டார். ஒரு மோட்டார் கடையில் உட்கார்ந்திருந்தார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"தட்டுனானாங்கண்ணா?"

கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"உங்களையெல்லாம் அனுப்பிச்சுட்டு, என்னைய ரெண்டாவது மாடி லிஃப்ட் கதவுகிட்ட நிக்க வெச்சாங்க. ஓனர் வர்ற வரைக்கும் தொறக்கக் கூடாதுன்னாங்க. தட்டுனானுங்க. மொதல்ல வேகமா. அப்பறம் மெதுவா. ரெண்டரைக்கு நின்னுருச்சு. இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் நான் சொன்னதில்ல. உங்களுக்கு ஆரு சொன்னா?"

எழுந்தேன். வாசல் தாண்டும்போது அவர் பின்னாலிருந்து சொன்னார்.

"தட்டறப்பெல்லாம் உங்க பேரச் சொல்லித்தானுங்க கூப்பிட்டான். இந்துக்கா இருக்காங்க, தொறப்பாங்கன்னு."