துக்க வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிரிப்புத் தொடர்

அம்மா விரும்பிப் பார்த்த ஒரே டிவி நிகழ்ச்சி ஒரு பழைய சிரிப்புத் தொடர். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் அரை மணி நேரம் வரும். எங்கள் ஊரில் அப்போது பஞ்சாயத்து டிவி ஒன்றுதான் இருந்தது. நடவு வேலை முடிந்து வந்த பெண்கள் காலில் சேறு காயக் காய உட்கார்ந்து பார்ப்பார்கள். அம்மா எப்போதும் முன்வரிசை.

பெரிய கதை ஒன்றும் கிடையாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், வீட்டில் எது பழுதானாலும் ஆள் வைக்காமல் தானே சரிசெய்ய இறங்குவார். குழாயைத் தொட்டால் வீடெல்லாம் தண்ணீர். மின்விசிறியைத் தொட்டால் தெருவே இருட்டு. அவர் பெண்டாட்டி திட்டவே மாட்டார். கடைசியில் அவர் முன்னால் காபியை வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தப் பார்வைக்கு அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

செட்டு படு மட்டம். கதவைச் சாத்தினால் சுவர் ஆடும். ஆனால் அதில் யாரும் யாரையும் அறையவில்லை, பாலில் விஷம் கலக்கவில்லை. இப்போது வருகிற கண்றாவிகளில் ஒருத்தி கண்ணை உருட்டுவதையே திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள். அந்தத் தொடரை எழுதிய ஆளுக்குப் புருஷன் பெண்டாட்டி ஒரே வீட்டில் எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்று தெரிந்திருந்தது. அதனால்தான் எனக்கு அது இன்றைக்கும் பிடிக்கிறது.

போன வருஷம் அம்மாவுக்கு வயிற்றில் புற்றுநோய். தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நான் ஜவுளிக்கடை வேலைக்கு லீவு போட்டு ஊருக்கு வந்தேன். யாரோ ஒரு புண்ணியவான் அந்தத் தொடர் முழுவதையும் இணையத்தில் ஏற்றி வைத்திருந்தான். டிவியில் போட்டதும் அம்மா எழுந்து உட்காரப் பார்த்தார்.

"இதோட முடிவு நான் பாக்கலடி. அப்ப சீர்காழிப் பக்கம் நடவுக்குப் போயிட்டோம். திரும்பி வர்றதுக்குள்ள முடிச்சிட்டானுங்க. அந்த ஆளு கடைசியில எதையாச்சும் உருப்படியா ரிப்பேர் பண்ணுனாரா?"

"தெரியலம்மா. நானும் பாக்கல. வா, மொதல்லேர்ந்து பாப்போம்."

"சீக்கிரம் ஓட்டு. எனக்கு நேரமில்ல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பாதிக்கு மேல் பார்த்திருப்போம். அப்போது பக்கத்து வீட்டுப் பெரியப்பா செத்துப்போனார். அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். வாய்க்கால் தகராறில் எங்கள் வயலுக்குப் போகிற மடையை அடைத்து, ஒரு குறுவைப் பயிரையே காயவிட்டவர். அதற்குப் பிறகு எங்களோடு பேச்சு வார்த்தை இல்லை. ஆனாலும் பங்காளி. பங்காளி செத்தால் பதினாறாம் நாள் கருமாதி வரைக்கும் எங்கள் வீட்டிலும் டிவி போடக்கூடாது. அப்பா அன்றைக்கே வயரைப் பிடுங்கிவிட்டார்.

"அம்மாவுக்கு அவ்வளவு நாள் இருக்காப்பா?" என்று கேட்டேன்.

"போடாதேன்னா போடாத. நாளைக்கு உங்கம்மாவத் தூக்க அவனுவதான் வரணும். நீயா தூக்குவ?"

நெட் வேலை செய்யவில்லை என்று அம்மாவிடம் பொய் சொன்னோம். அம்மா விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருந்தார். தினமும், "நெட்டு வந்துச்சா?" என்று கேட்பார். ஒரு வாரம் போனது. சாப்பாடு நின்றது. வலிக்குக் கொடுத்த மருந்தையும் துப்பினார். பிறகு கேட்பதையும் நிறுத்திவிட்டார். அன்றைக்கு அப்பா வயலுக்குப் போனதும் வயரைச் சொருகினேன்.

அன்றைக்குப் போட்ட கதையில் அந்த ஆள் மூக்குக்கண்ணாடி போடாமல் மூக்குக்கண்ணாடியை ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். அம்மா சிரித்தார். எலும்பும் தோலுமான உடம்பிலிருந்து அவ்வளவு சத்தம் வரும் என்று நான் நினைக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் துக்கம் கேட்க வந்தவர்கள் காதில் விழுந்துவிட்டது.

பெரியப்பா மகன் வந்தான். சிங்கப்பூரிலிருந்து காரியத்துக்கு வந்திருந்தவன்.

"எங்கப்பா செத்த ஈரம் காயல. இங்க சிரிப்பா? மனுசங்களா நீங்க?"

"சிரிச்சது எங்கம்மாண்ணே. உங்க கருமாதி முடியற வரைக்கும் சாகக் கூடாதுன்னு நீங்களே அதுகிட்ட சொல்லிட்டுப் போங்க" என்றேன்.

அவன் கையை ஓங்கிக்கொண்டு உள்ளே வந்து டிவிக்கு முன்னால் நின்றான்.

"தம்பி" என்றார் அம்மா. "நான் செத்தா எத்தன நாளு வேணா மூடி வை. இப்ப தள்ளி நில்லு, மறைக்குது."

அவன் கையை இறக்கினான். அம்மாவை அப்போதுதான் சரியாகப் பார்த்தான் போலிருக்கிறது. திரும்பி வெளியே போய்விட்டான். வயலிலிருந்து வந்த அப்பா என்னைக் கண்டபடி திட்டினார். ஆனால் வயரைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு அம்மாவால் ஒரு கதையை ஒரே மூச்சில் பார்க்க முடியவில்லை. பாதியில் தூங்கிவிடுவார். திரும்ப முதலிலிருந்து போடுவேன். பெரியப்பாவின் கருமாதிக்கு முன்பே அம்மா போய்விட்டார். பங்காளிகள் எல்லோரும் வந்தார்கள். பெரியப்பா மகன்தான் தலைமாட்டில் தோள் கொடுத்தான். சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்தவன் என்னிடம் கேட்டான்.

"சித்தி அத முழுசாப் பாத்துட்டாங்களா?"

"இல்ல. மூணு பாக்கி. உங்க துக்கத்துக்காக நிறுத்தி வச்ச ஒரு வாரம் கெடச்சிருந்தா பாத்திருக்கும்."

தலையைக் குனிந்துகொண்டான். நான் அவனைத் தேற்றவில்லை.

அந்த மூன்றையும் பிறகு நான் பார்த்தேன். கடைசிக் கதை ஒன்றும் பிரமாதமில்லை. அந்த ஆள் எதையும் சரிசெய்யவில்லை. எல்லோரும் வீடு மாற்றிக்கொண்டு போகிறார்கள், அவ்வளவுதான். அவசர அவசரமாக முடித்திருக்கிறார்கள். அம்மா பார்த்திருந்தால், "இதுக்காடி இத்தன வருசம் காத்துக் கெடந்தேன்?" என்று அந்த ஆளையும் என்னையும் சேர்த்துத் திட்டியிருப்பார். அந்தத் திட்டை வாங்க விடாமல் செய்துவிட்டார்கள்.