பாண்டி வரைக்கும் தாங்கும்

எங்கள் ஸ்டாண்டில் டாக்ஸி ஓட்டிய யாரும் திண்டிவனத்தில் டாங்க்கை நிரப்பி நான் பார்த்ததில்லை. பாண்டி சவாரி கிடைத்தால் அங்கே போய்ச் சேருகிற அளவுக்கு டீசல் இருந்தால் போதும். கோரிமேட்டில் எல்லையைத் தாண்டியதும் வருகிற பங்க்கில் கழுத்து வரை நிரப்பிக்கொண்டு திரும்புவார்கள். எண்பதுகளில் அங்கே விற்பனை வரி குறைவு. ஒரே டீசல்தான், எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு விலை, இந்தப் பக்கம் ஒரு விலை.

அதே ஸ்டாண்டில் பெட்ரோல் கார் ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தால் இந்த வரிக் கதையை ஆரம்பித்துவிடுவார். "பெட்ரோலு பணக்காரன் சரக்குன்னு டெல்லியில நெனச்சிக்கினு வரியை ஏத்தி வெச்சிக்கிறாங்க. டீசல்லதான் லாரி, பஸ்ஸு, மல்லாட்டைக் கொல்லைக்குத் தண்ணி இறைக்கிற மெஷினு எல்லாம் ஓடுது. அதுல கை வெச்சா அரிசி விலை ஏறிடும், அதனால விட்டு வெச்சிக்கிறாங்க. அதுக்கு மேல அவனவன் ஊர் வரி வேற." பட்ஜெட்டையே அவர்தான் போட்டது போல இருக்கும் பேச்சு. "அப்ப நீங்க பணக்காரரா, ஏழையா?" என்று ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்பேன். "பெட்ரோல் கார் வெச்சிக்கினு இருக்கிற ஏழை" என்பார்.

அப்போது டீசல் விலை பெட்ரோல் விலையில் ஏறக்குறைய பாதி. அதனால் ஒருநாள் காரை விழுப்புரத்தில் ஒரு ஷெட்டில் விட்டு, பெட்ரோல் இன்ஜினை எடுத்துப் போட்டுவிட்டு டீசல் இன்ஜினை ஏற்றிக்கொண்டு வந்தார். என் வளையல்கள் அதில் போயின. போனால் போகட்டும் என்றுதான் இருந்தேன். கார் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுப் பாத்திரமெல்லாம் அதிரும். "கார் வருதா, ரைஸ்மில் வருதா?" என்று எதிர்வீட்டுக்காரி கேலி பண்ணுவாள். எங்கள் பாப்பாவுக்கு மட்டும் அந்தச் சத்தம் உயிர். இரண்டு வயசு. எது கையில் இருந்தாலும் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள். ஓட்டுநர் சீட்டில் அப்பா மடியில் உட்கார்ந்து ஹாரனை அடிக்காமல் இறங்க மாட்டாள்.

ஒரு சித்திரை மாதம் அவளுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. விடியும்போது ஆரம்பித்தது, மதியத்துக்குள் கண் உள்ளே போய்விட்டது. அழுதால் கண்ணீர் வரவில்லை. எங்கள் ஊர் டாக்டர் அவள் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளின இடம் அப்படியே நின்றது. "ஒடம்புல தண்ணியே இல்லம்மா. பாண்டி பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடுங்க. ஜல்தி" என்றார்.

காரில் டீசல் மீட்டர் முள் எப்போதோ செத்துப் போயிருந்தது. இவர் ஒரு மெல்லிய பிரம்பை டாங்க்கில் விட்டு எடுப்பார். நனைந்த அளவைப் பார்த்து எந்த ஊர் வரைக்கும் வண்டி போகும் என்று சொல்லுவார். ஒரு தடவையும் தப்பினதில்லை. அன்று காலையிலேயே பார்த்து, பாண்டி வரைக்கும் தாங்கும் என்று சொல்லியிருந்தார். நாங்கள் ஊர் பங்க்கைக் கடந்துதான் போனோம். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கஞ்சத்தனம் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் நான் சண்டைக்குப் போவேன். கேட்டிருந்தால் அந்தப் பிள்ளைக்காகக் காரையே அங்கே விற்றிருப்பார். அந்த பங்க்கில் நிறுத்தலாம் என்கிற நினைப்பே வரவில்லை. வருஷக்கணக்கில் கை அப்படிப் பழகிவிட்டது.

அவர் போட்ட கணக்கு மெதுவாக ஓட்டுகிற வண்டிக்கு. சவாரி போகும்போது எண்ணெய் மிச்சம் பிடிக்க உருட்டிக்கொண்டே போவார். அன்றைக்கு மிதித்த மிதியில் கார் பறந்தது. பிள்ளைக்காகத்தான் அத்தனை வேகம். அந்த வேகம்தான் டீசலைக் குடித்துவிட்டது. கிளியனூர் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் இன்ஜின் இருமியது, அப்புறம் நின்றது.

பாண்டி பஸ் ஒன்று படியெல்லாம் ஆள் தொங்க, கை காட்டியும் நிற்காமல் போனது. எதிரே திண்டிவனம் பக்கம் போகிற லாரிக்காரர் ஒருவர்தான் நிறுத்தினார். புண்ணியவான். தன் டாங்க்கில் ட்யூபை விட்டு வாயால் உறிஞ்சி ஒரு கேன் டீசல் பிடித்துக் கொடுத்தார். பெட்ரோல் வண்டியாக இருந்தால் ஊற்றியதும் கொஞ்சம் மல்லுக்கட்டினால் கிளம்பியிருக்கும். டீசல் வண்டி காலியாகி நின்றால் குழாயெல்லாம் காற்று ஏறிவிடும். திருகாணியைத் தளர்த்தி, கையால் பம்ப் அடித்து, நுரை நிற்கும் வரை காற்றை வெளியே விட வேண்டும். அவர் பத்துப் பேருக்குச் செய்து கொடுத்த வேலை. அன்றைக்கு ஸ்பானர் திரும்பத் திரும்பக் கீழே விழுந்தது.

"ஏங்க, பாப்பா கண்ணைத் தொறக்க மாட்றாங்க."

"இதோ ஆச்சும்மே. பேர் சொல்லிக் கூப்ட்டுக்கினே இரு, தூங்க வுடாதே."

கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். வெயில் காரின் தகரத்தைக் காய்ச்சியது. முந்தானையை நனைத்து அவள் உதட்டில் வைத்தேன், அதையும் சப்பவில்லை. கடைசியில் இன்ஜின் கிளம்பியபோது அந்தச் சத்தத்துக்குக்கூட அவள் அசையவில்லை. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவரிடம் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. கையில் தேடினார்கள், காலில் தேடினார்கள், தலைமுடியைச் சிரைத்து அங்கேயும் தேடினார்கள். "இவ்ளோ நேரம் எங்கே இருந்தீங்க?" என்று டாக்டரம்மா கத்தினார். "வழியில வண்டி நின்னுடுச்சுங்க" என்று மட்டும் இவர் சொன்னார். ஏன் நின்றது என்று கேட்க டாக்டரம்மாவுக்கு நேரமில்லை. பொழுது சாய்வதற்குள் பாப்பா போய்விட்டாள்.

துண்டில் சுற்றிக் கொடுத்தார்கள். மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்தேன். லாரிக்காரர் கொடுத்ததில் மிச்சம் இருந்தது வீடு வரை வராது. அதனால் கார் வழக்கமாக நிற்கிற பங்க்கில்தான் நின்றது. அதை நடத்துகிறவருக்கு இவரை நன்றாகத் தெரியும். சிரித்துக்கொண்டே வந்தார்.

"இன்னாண்ணே, இன்னிக்கு வூட்ல இருக்கறவங்களையும் இட்டாந்துக்கிற? ஃபுல்லுதானே?"

இவர் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். வேறு எப்படி வீட்டுக்குப் போவது?

"ஃபுல் போடுங்க" என்றேன்.

டீசல் இறங்குகிற சத்தம் கேட்டதும் இவர் ஸ்டீயரிங்கில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். அப்படி ஒரு ஆண்பிள்ளை அழுது நான் கேட்டதில்லை. பங்க்காரர் ஓடிவந்து என் மடியை எட்டிப் பார்த்தார். துண்டுக்கு வெளியே ஒரு சின்னக் கால் தெரிந்தது. இவர் நீட்டிய பணத்தை அவர் தொடவில்லை. "போண்ணே, நீ போ" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அப்புறம் எத்தனை முறை கொண்டுபோய்க் கொடுத்தும் வாங்கவில்லை. எங்களுக்கு அத்தனை மலிவாக டீசல் கிடைத்தது அந்த ஒரு நாள்தான்.