அருளானந்தம் ஊதி அணைத்த சூடம்

1974-இல் ஒரு கேஸ் சிலிண்டர், ஒரு சோடா மிஷின், ஒரு பழைய வேன். 1984 டிசம்பரில் நாடாளுமன்ற வேட்பாளர். நடுவில் இரண்டு முறை சட்டமன்றம். கோலி சோடா விற்று இவ்வளவு தூரம் போக முடியுமா என்று காரைக்காலில் கேட்காதவர்கள் குறைவு.

சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. அருளானந்தம் தொழில் தொடங்கியபோது எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் மதுவிலக்கு, இந்தப் பக்கம் காரைக்காலில் மதுக்கடை திறந்திருந்தது. அவருடைய வேன் தினமும் எல்லை தாண்டி நாகூருக்குப் போய்வந்தது. 1976-இல் சோதனைச் சாவடியில் சோடாப் பெட்டிகளுக்கு அடியில் பிராந்தி பாட்டில்கள் அகப்பட்டன. வேனில் சுமை இறக்கப் போயிருந்தவர் பட்டினச்சேரி முத்தையன். முதலாளிதான் வைக்கச் சொன்னார் என்றார் அவர். தனக்குத் தெரியாமல் முத்தையன் வைத்ததாகச் சொன்னார் அருளானந்தம். முத்தையன் ஆறு மாதம் சிறையில் இருந்தார். மறுவருடம் அருளானந்தம் எம்.எல்.ஏ. ஆனார்.

சிறையிலிருந்து வந்த முத்தையனுக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை. தாய் காசியம்மா கேட்டுப்போன வீடுகளிலெல்லாம் ஒரே பதில்: "மொதலாளி வண்டியிலயே திருட்டுச் சரக்கு ஏத்துனவனுக்கா?"

அருளானந்தத்தின் சட்டமன்றத் தொகுதியில் முத்தையனின் ஊரான பட்டினச்சேரி இல்லை. அதனால் அந்த ஊருக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாடாளுமன்றத் தேர்தலில் அந்த ஊரும் சேர்ந்துகொண்டது. அங்கே பஞ்சாயத்து கைகாட்டும் பக்கம்தான் ஊரே ஓட்டுப் போடும்.

ஓட்டுக் கேட்டு வந்தவரிடம் பஞ்சாயத்துத் தலைவர் மாரிக்கண்ணு சொன்னார்: "அம்மன் சன்னதியில சூடம் அணைச்சு சத்தியம் பண்ணுங்க. அந்த பாட்டில் உங்களுக்குத் தெரியாம போச்சுன்னு சொல்லுங்க. ஓட்டு உங்களுக்குத்தான்."

அருளானந்தம் உடனே சம்மதித்தார். அவ்வளவு சீக்கிரம் சம்மதித்தது அவர் மனைவி சலோமிக்கே பிடிக்கவில்லை.

"இதே சத்தியத்த பைபிள் மேல கை வச்சுப் பண்ணுவீங்களா?"

"எலெக்சன் நேரத்துல நீயும் எதிர்க்கட்சி ஆயிட்டியா?" என்று சிரித்துக்கொண்டே அவர் ஜீப்பில் ஏறினார்.

கோயில் வாசலில் ஊரே கூடியிருந்தது. காசியம்மா முன்வரிசையில் நின்றார். தட்டில் சூடம் எரிந்தது. சொல்ல வேண்டியதை அருளானந்தம் உரக்கச் சொன்னார். அடுத்து, எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அவர் குனிந்தார். வாயால் ஊதினார். சூடம் அணைந்தது.



"ஊதிப்புட்டாரு! பாத்தீங்களாய்யா, வாயால ஊதிப்புட்டாரு!" காசியம்மா கத்தினார்.

அருளானந்தம் நிமிர்ந்தார். "எங்க கோயில்ல மெழுகுவத்திய இப்படித்தாங்க அணைப்போம். பழக்கதோசம். இன்னொரு கட்டி ஏத்துங்க, கையாலயே அணைக்கிறேன்."

"கேஸ் போயிட்டுன்னு இன்னொன்னு ஒடைக்க இது என்ன சோடாவாங்க?" என்றார் மாரிக்கண்ணு. "வருசா வருசம் அம்பகரத்தூர் காளி கோயில்ல முன்னால நிக்கிறீங்க. சூடம் அணைக்கிறத அங்க பாத்ததே இல்லியா?"

பின்னாலிருந்து முத்தையன் குரல் வந்தது. "கை சுட்டுடும்னு பயமா மொதலாளி?"

யாரோ சிரித்தார்கள். அருளானந்தம் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு ஜீப்புக்கு நடந்தார். தெரியாமல் ஊதினாரா, கை வைக்கத் துணியாமல் ஊதினாரா என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கு ஓட்டு இல்லை என்று பஞ்சாயத்து அந்த இடத்திலேயே முடிவு சொன்னது.

பட்டினச்சேரிப் பெட்டியில் அவருக்கு விழுந்த ஓட்டு ஒரு கை விரல்களுக்குள் அடங்கியது. புதுச்சேரிப் பக்கத்து ஓட்டுகள் அவரைக் கரையேற்றின. நன்றி சொல்ல வந்த ஜீப் பட்டினச்சேரிக்குள் வராமல் பக்கத்துத் திருமலைராயன்பட்டினத்தோடு திரும்பிப் போனது. ஜனவரியில் அவர் டெல்லிக்கு ரயில் ஏறினார்.

அந்தத் தை மாதத்தில் முத்தையனுக்குப் பெண் பேசி முடித்தார்கள். பட்டினச்சேரிக் கடைகளுக்கு அருளானந்தத்தின் சோடாவுக்குப் பதில் நாகூரிலிருந்து சோடா வரத் தொடங்கியது.