திரையில் விழுந்த விரல்கள்

சென்ற சனிக்கிழமை செங்கல்பட்டில் பள்ளிகளுக்கு இடையே உள்ளூர் வரலாற்று வினாடி வினா. கேள்வி கேட்கும் நடுவர் நான். எதையும் கிழமை, மணியோடு குறித்து வைக்கும் என் பழக்கம் உங்களுக்குத் தெரியும். அதனால் சொல்கிறேன்... அந்தத் தப்பு நடந்தபோது மணி பகல் பன்னிரண்டு பத்து.

இறுதிப் போட்டியில் இரண்டே அணிகள். ஒன்று, காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளி. ஒன்பதாம் வகுப்பு பவித்ரா அதன் தலைவி. நான் கேட்பதை அவர்களுடைய செல்வி டீச்சர் சைகைமொழியில் சொல்வார். பவித்ராவின் விரல்கள் தரும் பதிலை மைக்கில் சொல்வார். மூன்று சுற்று முடிவில் அவர்கள்தான் முன்னணி. ஜெயித்தால் சென்னையில் மாநிலப் போட்டி!

கடைசிச் சுற்று, படங்கள். மாமல்லபுரத்துச் சிற்பங்கள் — நானே எடுத்தவை. பளிச்சென்று தெரிய வேண்டாமா?

"லைட்டை அணைங்க" என்றேன்.

முதல் கேள்வியைப் படிக்கிறேன்... படத்தின் மேல் இரண்டு கைகளின் நிழல்! செல்வி டீச்சர் புரொஜெக்டர் முன்னால் நின்று விரல்களை அசைக்கிறார். விடையை எடுத்துக் கொடுக்கிறாரோ?

"டீச்சர், திரையை மறைக்காதீங்க. போய் உட்காருங்க."

கூட்டம் சிரித்தது.

"சார், ஒரு நிமிஷம்—"

"அப்புறம் பேசலாம்."

எட்டுக் கேள்விகள். பவித்ராவின் அணி ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. கோப்பை எதிரணிக்குப் போனது. கடைசி நேரத்தில் களைத்துவிட்டார்கள், பாவம் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

எல்லோரும் கலைந்த பிறகு பவித்ராவின் அப்பா வந்தார். முட்டுக்காட்டில் படகு ஓட்டுபவர்.

"இன்னா சார் நீ? லைட்ட அணைச்சிட்டு கேள்வி கேட்டா எப்டி? எம் பொண்ணு கண்ணாலதான கேக்குது! அந்த மிஷின் வெளிச்சத்துலயாவது கை தெரியட்டும்னு டீச்சரு போய் நின்னா, அவங்களயும் தொரத்திவுட்ட!"

சிறப்புப் பரிசு ஒன்று தரச் சொல்கிறேன் என்று இழுத்தேன். பவித்ராவின் கைகள் வேகமாக அசைந்தன.

"ஸ்பெஷல்லாம் வேணாமாம் சார். லைட்டு போட்டு அதே கேள்விய கேக்கச் சொல்றா" என்றார் டீச்சர்.

காலி நாற்காலிகளுக்கு முன்னால் நின்று கேட்டேன். எட்டில் ஏழு சரி. ஜெயித்த பள்ளியின் வேன் அதற்குள் பரனூர் டோல்கேட்டைத் தாண்டியிருக்கும்.

மைக் கையில் வந்துவிட்டால் அடுத்தவர் பேச்சு நமக்கு இடைஞ்சலாகத்தான் தெரிகிறது — அவர் வாயையே திறக்காவிட்டாலும்!

திங்கள் காலை அமைப்பாளர்களுக்கு எழுதினேன். தவறு என்னுடையது, பவித்ராவின் அணியையும் சென்னைக்கு அனுப்புங்கள் என்று. புதன் மாலை பதில் வந்தது: 'போட்டி விதிகளின்படி நடுவரின் தீர்ப்பே இறுதியானது.'

அந்த விதிகளை எழுதிக் கொடுத்தவனும் நான்தான்.