வெற்றிலை பாக்கும் ஆய்விதழும்

எங்கள் சங்கத்தின் ஆய்விதழ் ஆண்டுக்கு இரண்டு முறை வரும், ஆடியிலும் மார்கழியிலும். ஏலம், மிளகு, திராட்சை என்று மலையிலும் அடிவாரத்திலும் விளைகிறவற்றைப் பற்றிய இதழ் என்பதால், அது ஏதோ பருவக் கணக்கு என்று வெளியூர்ப் பேராசிரியர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மைக் காரணம், அந்த இரண்டு மாதமும் கல்யாணம் கிடையாது. போடி கடைவீதியில் எங்கள் இதழை அச்சடிக்கும் அண்ணாச்சிக்குப் பிழைப்பே கல்யாணப் பத்திரிகைதான். முகூர்த்த மாதத்தில் போய் நின்றால், "டீச்சர், மாப்பிள்ளை வீட்டுக்காரக காத்துக்கிட்டு இருக்காக. ஒங்க பூஞ்சைக்கு என்ன அவசரம், அது பாட்டுக்கு வளந்துக்கிட்டுத்தான இருக்கும்?" என்பார்.

நான் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள். அந்த இதழுக்குச் சம்பளமில்லாத ஆசிரியர். அந்த வேலையில் பாதி பஸ்ஸிலேயே கழியும். வருகிற ஒவ்வொரு கட்டுரையையும் துறை தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, தேறுமா தேறாதா என்று மதிப்பீடு வாங்க வேண்டும். மற்ற ஊர்களில் இதற்கு ஒரு கடிதம் போதும். எங்கள் ஆட்களுக்குப் போதாது. வீட்டுக்கு நேரில் போய், வெற்றிலை பாக்கு பழத்தோடு கட்டுரையைத் தட்டில் வைத்து, "நீங்கதான் பாத்துக் குடுக்கணும்" என்று அழைக்க வேண்டும். தபாலில் அனுப்பினால், "முறையா அழைக்கல" என்று பிரிக்காமலே பரணில் போட்டுவிடுவார்கள். மதிப்பிடுகிறவர் யார் என்று கட்டுரை எழுதியவருக்குத் தெரியக் கூடாது என்பது உலக வழக்கம். நான் தட்டோடு இறங்கினால் தெருவுக்கே தெரிந்துவிடும். அதனால் தட்டை மஞ்சள் பைக்குள் ஒளித்துக்கொண்டு போவேன்.

அலைந்து அலைந்து அலுத்துப்போயிருந்த நேரத்தில்தான் ஒரு பெரிய பதிப்பு கம்பெனி வந்தது. வெளிநாட்டுக் கம்பெனி, சென்னையில் ஆபீஸ். இதழைக் கொடுத்துவிட்டால் அச்சு, இணையம், மதிப்பீட்டுக்கு அழைப்பது எல்லாவற்றையும் அவர்களுடைய கணினியே பார்த்துக்கொள்ளுமாம். சங்கக் கூட்டத்தில் முதலில் கையைத் தூக்கியது நான்தான். முனகியவர் ஒரே ஒருவர். ஜெயமங்கலத்தில் இருக்கிறார், ஓய்வுபெற்ற வேளாண் அதிகாரி. திராட்சை நோய்க் கட்டுரை என்றால் அவரைப் போல் அலசிப் பார்க்க ஆள் கிடையாது. "கம்பெனிக்காரக நம்ம வீட்டுக்கு வருவாகளா?" என்று மட்டும் கேட்டார். நான் சிரித்துவிட்டேன். ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. இரண்டு இதழ் தொடர்ந்து வராவிட்டால் கம்பெனி அதை நிறுத்திவிடலாம், இதழின் பெயரும் அவர்களிடமே இருந்துவிடும். அதெல்லாம் நடக்கிற காரியமா என்று கையெழுத்துப் போட்டோம்.

சும்மா சொல்லக் கூடாது, கம்பெனி ஜோராகத்தான் ஆரம்பித்தது. அட்டை பளபளத்தது. ஆண்டுக்கு நான்கு இதழ். எங்கள் ஏலக்காய்க் கட்டுரையை பிரேசிலில் யாரோ படித்தார்களாம். கம்பத்தில்தான் யாராலும் படிக்க முடியவில்லை. இணையத்தில் சந்தா கட்டியவர்களுக்கு மட்டுமே திறக்கும் பூட்டு, எங்கள் கல்லூரி நூலகத்திடமே சாவி இல்லை. நான் பஸ் ஏறாமல் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த சுகத்தில், அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் முன்பே மதிப்பீடு வாங்கி வைத்திருந்த கட்டுரைகள் தீர்ந்ததும் வண்டி நின்றது. கணினி புதுக் கட்டுரைகளுக்கு மெயிலில் அழைப்பு அனுப்பியது. நினைவூட்டல் அனுப்பியது. அந்த நினைவூட்டலையும் நினைவூட்டியது. ஒருவரும் அசையவில்லை. ஓர் இதழ் வராமலே போனது. கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ரிவ்யூவர்ஸ் எல்லாரும் உயிரோடதான இருக்காங்க?"

"நல்லா இருக்காங்கம்மா. நேத்துகூட ஒருத்தரை மார்க்கெட்ல பாத்தேன்."

"அடுத்த இஷ்யூவும் வரலைன்னா ஜர்னலை க்ளோஸ் பண்ணிடுவாங்க மேடம்."

நேராக அண்ணாச்சியிடம் ஓடினேன். கணினி அனுப்பிய அதே அழைப்பைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். "பேரன்புடையீர், தங்கள் துறைப் புலமையைக் கருதி இக்கட்டுரையை மதிப்பிட அழைக்கிறோம்." அடியில் மெயிலில் இருந்தது போலவே 'ஏற்கிறேன்', 'மறுக்கிறேன்' என்று இரண்டு கட்டம். அண்ணாச்சி அதைக் கல்யாணக் கார்டிலேயே அடித்துத் தந்தார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பையைத் தூக்கிக்கொண்டு ஜெயமங்கலத்துக்கு பஸ் ஏறினேன்.

அதிகாரி தட்டைப் பார்த்தார், கார்டைப் பார்த்தார். எழுந்து போய் பீரோவிலிருந்து டைப் செய்த தாள்களை எடுத்துவந்து நீட்டினார்.

"மெயில் வந்த அன்னைக்கே எழுதி வச்சுட்டேன் டீச்சர். ரெண்டாவது படம் தப்பு, மாத்தச் சொல்லுங்க."

"அப்ப ஏன் சார் அனுப்பல?"

"யாரும் வந்து கேக்கலையே. கேக்காம எப்படிக் குடுக்கிறது?"

எனக்கு வந்த கோபத்தில் அந்த வாழைப்பழத்தை நானே உரித்துத் தின்றுவிட்டேன். பிறகு வடுகபட்டி, சுருளிப்பட்டி என்று வீடு வீடாக ஏறி இறங்கினேன். இதழ் வந்தது, பிழைத்தது. கம்பெனியின் கணினி எனக்கு நன்றி மெயில் அனுப்பியது. 'அன்புள்ள' என்பதற்குப் பக்கத்தில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

ஒப்பந்தக் காலம் முடிந்ததும் சங்கம் இதழைத் திரும்ப வாங்கிக்கொண்டது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும், "இனி என்னால் அலைய முடியாது, வேறு ஆளைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நன்றி மெயிலில் என் பெயர் இல்லாத அந்தக் காலி இடம் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருவரும் பொறுப்பேற்க முன்வரவில்லை. ஆடியும் நெருங்கிவிட்டது. கம்பெனி சாகடிக்காத இதழை நாங்களே சாகடித்துவிடுவோம் போலிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு அண்ணாச்சி வந்தார். கூடவே ஜெயமங்கலத்து அதிகாரி. அவர் கையில் தட்டு.

"இத்தன வருசமா எல்லாரையும் நீங்க வந்து அழச்சீக" என்றார் அதிகாரி. "ஒங்கள யாருமே அழைக்கலன்னு அண்ணாச்சிதான் சொன்னாக."

வாஸ்தவம். நான் லீவில் இருந்த ஒரு கூட்டத்தில் என் பெயரைப் போட்டுவிட்டு, மறுநாள் தகவல் சொன்னார்கள். அப்படித்தான் நான் இதழாசிரியர் ஆனேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, கண் கலங்கிவிட்டது.

காட்டிக்கொள்ளாமல் கார்டை எடுத்துப் படித்தேன். பேரன்புடையீர், தங்கள் துறைப் புலமையைக் கருதி, அதே வாசகம்தான், 'இக்கட்டுரையை மதிப்பிட' என்று இருந்த இடத்தில் 'இதழை நடத்த'. என் பெயர் இனிஷியலோடு பெரிய எழுத்தில். அடியில் 'ஏற்கிறேன்' என்று ஒரு கட்டம்.

"'மறுக்கிறேன்' எங்க அண்ணாச்சி?"

"கார்டுல எடம் பத்தல டீச்சர்" என்று பேனாவை நீட்டினார்.