ஓரத்தில் ஒட்டியிருந்த துணுக்கு

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வெட்டுக்காரி என்று பெயர். உறைய வைத்த உறுப்பை முடியைவிட மெலிதாகச் சீவிக் கண்ணாடிச் சில்லில் ஒட்டுவதுதான் இருபது வருஷமாக அவள் வேலை. ஓரத்தில் கொழுப்போ சவ்வோ தொங்கினால் அவளுக்குப் பொறுக்காது. சுற்றிலும் நறுக்கித் தள்ளிவிட்டுத்தான் மறுவேலை.

அவளுடைய தங்கைக்கு இரண்டு வாரத்துக்கு முன் தைராய்டு சுரப்பியை எடுத்திருந்தார்கள். தன் வீட்டுக்கே அழைத்துவந்து தாங்கு தாங்கென்று தாங்கினாள். காயம் ஆறிவிட்டது. ஆனால் தங்கையின் புலம்பல் ஓயவில்லை.

"அக்கா, உதடெல்லாம் மரத்துப்போகுது. விரல் இழுத்துக்குது. பேனாகூடப் பிடிக்க முடியல," என்றாள் தங்கை.

"திங்கக்கிழமை வேலைக்குப் போகணும்னதும் வந்துடுச்சாக்கும்! எல்லாம் பயம்டி. நடிக்காம தூங்கு."

தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த வாரம்தான் ஆய்வுக்கூடத்தில் சில்லுகளை வைத்திருந்த பெட்டியைத் திறந்தார்கள். வைட்டமின் டி உடம்புக்குள் ஹார்மோனாக மாறிய பிறகு, கழுத்தில் எந்த இடத்தில் போய் வேலை செய்கிறது என்பது ஆய்வை நடத்தும் டாக்டரின் கேள்வி. கதிரியக்கம் ஏற்றிய ஹார்மோனை எலிகளுக்குச் செலுத்தி, கழுத்துச் சில்லுகளை இருட்டில் மூன்று மாதம் வைத்திருந்தார்கள். ஹார்மோன் தங்கிய இடத்தில் கறுப்புப் புள்ளி விழும்.

தைராய்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செல்களில்தான் புள்ளிகள். டாக்டரின் முகம் தொங்கிவிட்டது. கடைசிச் சில்லை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர் நிமிர்ந்தார்.

"இதுல மட்டும் ஓரத்தைச் சீவாம விட்டிருக்கீங்களேம்மா?"

"தங்கச்சிக்குக் கழுத்துல கட்டின்னு சொன்ன நாள் சார் அது. கை ஓடல. மன்னிச்சுக்குங்க."

"மன்னிப்பா? வந்து பாருங்க."

தைராய்டின் ஓரத்தில் எள்ளளவு துணுக்கு. அதன் செல்களில் மை தெளித்த மாதிரி அத்தனை புள்ளிகள்.

"பாராதைராய்டு. ரத்தத்துல கால்சியத்தைக் காவல் காக்கிறது இதுதான். ஹார்மோன் இங்க வந்துதான் குந்தியிருக்கு. மனுஷங்களுக்கும் தைராய்டுக்குப் பின்னாடி பொதுவா நாலு இருக்கும். ஆபரேஷன்ல அடிபட்டா கால்சியம் இறங்கிடும். உதடு மரக்கும், விரல் இழுத்துக்கும்."

பொட்டில் அறைந்தாற்போல் இருந்தது அவளுக்கு. மற்ற சில்லுகளிலெல்லாம் குப்பையென்று தள்ளியதைப் பற்றி அவளுக்கு நினைப்பே வரவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிய அந்த முதுகுதான் கண்ணில் நின்றது. கையுறையைக் கழற்றக்கூட மறந்து வீட்டுக்கு ஓடினாள்.

தங்கை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளிலும் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி இழுத்துக்கொண்டிருந்தன. வலியில் கண்ணீர் வழிந்தது. ஆனாலும் அவள் அக்காவைக் கூப்பிட்டிருக்கவில்லை. நடிப்பு என்பாளே என்ற பயம்.

மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கால்சியம் பாதாளத்தில் இருந்தது. நரம்பில் மருந்து ஏற்றினார்கள். பிறகு சாப்பிட மாத்திரைகளும் எழுதிக்கொடுத்தார்கள். அதில் ஒன்று அதே வைட்டமின் டி ஹார்மோன்.

கொஞ்ச நேரத்தில் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. அக்கா நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். தங்கை கேட்டுவிட்டு மெல்லச் சிரித்தாள்.

"நான் பத்து நாளா சொன்னேன், நம்பல. எலி சொன்னதும் நம்பிட்டியா?"

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. விரிந்த கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"இனிமே நீ சொன்னாலே போதும்டி."